ஒரே எழுத்து, வேறு சொல்

ஏ, ஐ, ஆர். இந்த மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் என்ன பொருள்? காற்று என்பீர்கள். எனக்கு முதலில் அது தண்ணீர்.

2003ஆம் ஆண்டு. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கிய முதல் வருடம். தமிழ்ப்பள்ளிகளுக்கும் அதே நிலைதான். செமோரில் நான் முதலாம் ஆண்டு மாணவி. மீன் எதில் வாழ்கிறது என்று வீட்டுப்பாடத்தில் ஒரு கேள்வி. தோட்டத்தில் பால்மரம் சீவிய அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, மலாய் தெரியும். அவர் சொல்லித்தர, அந்த மூன்று எழுத்துகளை எழுதினேன். மறுநாள் சிவப்பு மையில் பெரிய பிழைக்குறி. வகுப்பே சிரித்தது. மலாயில் அந்த எழுத்துகள் 'ஆயிர்', அதாவது தண்ணீர். அம்மா சொன்னது மலாய்ப் பாடத்தில் சரியான விடை. ஆனால் அன்றிலிருந்து என் அறிவியல் புத்தகத்தை அவர் தொடவே இல்லை.

தாத்தா காலத்தில் இந்தக் குழப்பத்திற்கு இடமில்லை. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துமுறையை ஏற்கும்வரை, அச்சொல்லை ஏ, ஒய், ஈ, ஆர் என்று எழுதினர். நம் பேராக்கின் ஆயர் தாவார் அந்தப் பழைய உருவத்தைத்தான் பெயரில் வைத்திருக்கிறது. புதிய முறைப்படி செமோருக்கும் சி மட்டும் போதும். நாங்கள் இன்னும் சி, எச் என்றே எழுதுகிறோம். (எச் எங்கள் ஊரைவிட்டுப் போக மறுக்கிறது போலும்!)

தம்பி தங்கையரே, இத்தகைய சொற்கள் இன்னும் உண்டு. ஜே, ஏ, எம்: ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவும் பழப்பாகு, சாலை நெரிசல், மலாயில் மணி, கடிகாரம். எம், ஏ, ஐ, என்: ஆங்கிலத்தில் முதன்மையான, மலாயில் விளையாடு. எனக்குப் பிடித்தது பி, யு, என். ஆங்கிலத்தில் அது சிலேடை. மலாயில் நம் 'உம்' போன்ற இடைச்சொல். 'சாயா புன்' என்றால் 'நானும்'. சிலேடை என்ற சொல்லே சிலேடையாகிவிட்டது!

இவையெல்லாம் தற்செயல். உறவில்லாத சொற்கள் ஒரே சட்டையில் நிற்கின்றன.

எம், ஓ, டி, ஏ, எல் கதை வேறு. ஆங்கில இலக்கணத்தில் 'கேன்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகளைக் குறிக்கும். மலாயிலோ தொழிலில் போடும் பணம். அது நம் 'முதல்' என்ற சொல்லேதான். கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது, குளம் 'கோலாம்' ஆனது. இந்தக் கடைசிச் சொல்லையும் நம் வாசல் கோலத்தையும் இன்று ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி எழுதுகிறோம்.

பல்கலைக்கழகத்தில் இதைப் படித்துவிட்டு, விடுமுறையில் பெருமையோடு அம்மாவிடம் சொன்னேன். அப்பக்கடை போடச் சிறுகடன் கேட்டு, மலாய்ப் படிவம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அந்தச் சொல் இருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது நம்ம முதல்தானே. இத தெரிஞ்சுக்கவா அவ்ளோ தூரம் போன?"

நான் நிரப்பித் தருகிறேன் என்று படிவத்தைக் கேட்டேன். தரவில்லை. பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.