உறைபனி இறங்கும் முன் பழைய பைக்கைப் பாருங்கள்

நீலகிரியில் உறைபனிக் காலம் வந்தால் பழைய வண்டிகளுக்குச் சோதனைதான். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலைகளில், கார்புரேட்டர் வைத்தவை மக்கர் பண்ணும். உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன்பே அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் சார்ஜ் முழுதாக இருக்கிறது. 12.2-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றக் கொடுங்கள். முழு சார்ஜில் இருந்தும் செல்ஃப் அழுத்தும்போது 9.5-க்குக் கீழே விழுகிறதா? அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து அளவெடுங்கள். 13.5-ஐத் தொடவே இல்லையென்றால் ரெக்டிஃபையரையோ, காயிலையோ, அவற்றின் கப்ளரையோ பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரம் படுத்துவிடும், காசு வீண்.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, சுத்தமாகத் துடைத்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். எர்த் வயர் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டை யாருமே பார்ப்பதில்லை, அதையும் சுரண்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதும், ஆசிட் கூடாது.

காலையில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். 2017 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் அதற்கு சுவிட்ச் உண்டு. சாவி போடாமல், சோக்கை முழுதாக இழுத்து, கிக்கரை இரண்டு மூன்று முறை மிதியுங்கள். குளிரில் கெட்டிப்பட்ட ஆயில் அசைந்து கொடுக்கும், பெட்ரோலும் உள்ளே போகும். பிறகு சாவி போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரே உதை. முறுக்கினால் சோக் இழுத்த பலன் போய்விடும். செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். அரை நிமிடம் விட்டு அடுத்த முறை. பெட்ரோல் நெடி அடித்தால் ஓவராகிவிட்டது: சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து மிதியுங்கள். அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடையுங்கள்.

பாயிண்ட் வைத்த புல்லட்டுக்கு மட்டும் தனி கவனிப்பு தேவை. அதில் ஸ்பார்க்கே பேட்டரியிலிருந்துதான் வருகிறது; பேட்டரி இறங்கினால் எத்தனை மிதித்தாலும் பயனில்லை. சாவி போட்டு, கிக்கரை மெதுவாக இறக்கிக்கொண்டே அம்மீட்டரைப் பாருங்கள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நடுவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிட்டு, கையை எடுத்து, முழு உதை கொடுங்கள். முள் அசையவே இல்லையா? காலை வருத்தாமல், பாயிண்டையும் பேட்டரி வயரையும் பாருங்கள்.

இன்ஜினைச் சூடாக்க அடியில் காகிதம் கொளுத்துவது வேண்டவே வேண்டாம். கார்புரேட்டர் கசிந்தால் வண்டியே பற்றிக்கொள்ளும். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவும் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். வண்டியை வெளியே தள்ளி வந்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.