எரிமலை நாட்டில் கூடாரத் தொழில்: காட்சியைப் பார்த்துக் காணி எடுக்காதீர்கள்

மலைப் பிரதேசங்களில் கூடாரம் அடித்துத் தங்குவது ஒரு காலத்தில் மாணவர்களுக்கும் சாரணர்களுக்கும் உரிய பொழுதுபோக்காக இருந்தது. இன்று அது பெரிய தொழிலாகிவிட்டது. கட்டில், மெத்தை, மின்விளக்கு, வெந்நீர், கூடாரத்தோடு சேர்ந்த மலசலகூடம் என எல்லா வசதிகளோடும் அமைக்கப்படும் கூடாரத்தை ‘கிளாம்பிங்’ என்கிறார்கள். ஹோட்டல் கட்டுவதைவிட மூலதனம் குறைவு, சில மாதங்களிலேயே தொழிலைத் தொடங்கலாம் என்பதால் சிறு முதலீட்டாளர்கள் பலர் இதில் இறங்கியிருக்கிறார்கள்.

இத்தொழில் வேகமாக வளர்ந்துள்ள நாடுகளில் ஒன்று இந்தோனேசியா. 127 உயிர்ப்புள்ள எரிமலைகள் அங்கே இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பாலித் தீவின் பத்தூர் மலை, யோக்யகர்த்தாவின் மெராப்பி, மத்திய ஜாவாவின் டியெங் மேட்டுநிலம் ஆகிய இடங்களில் கூடாரங்களைத் தேடி ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அங்கே கூட்டு வியாபாரத்துக்கு அழைக்கப்படுபவர், குழு சேர்த்துப் பயணம் அழைத்துச் செல்பவர், கூடாரச் சாமான்கள் விற்பவர் ஆகிய மூவரும் தெரிந்திருக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளரைக் கொண்டுவரும் அதே மலைதான் அவருக்கு ஆபத்தையும் கொண்டுவருகிறது. ஆகவே இடம் பார்க்கும்போது காட்சியைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வரைபடம்

இந்தோனேசியாவில் எரிமலைகளைக் கண்காணிக்கும் அரச மையம் பாண்டுங் நகரில் இயங்குகிறது. முக்கியமான எரிமலைகளுக்கு அது அபாய வலய வரைபடம் வெளியிடுகிறது. அதில் மூன்று வலயங்கள் உண்டு. மூன்றாவது வலயமே ஆபத்து மிகக் கூடியது. இதைத் தவிர மலையின் அன்றாட நிலையை நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள்: நோர்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். வரைபடம் இடத்தைப் பற்றியது, படி நாளைப் பற்றியது. வியாபாரிக்கு இரண்டும் வேண்டும்.

மெராப்பியை எடுத்துக்கொள்வோம். 2010 ஒக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் அது வெடித்தபோது 350 பேருக்கு மேல் உயிரிழந்தனர். நவம்பர் 5ஆம் திகதி அதிகாலையில் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கற்களும் கலந்த மேகம் கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் சுமார் 15 கி.மீ. தூரம் இறங்கியது. இத்தகைய மேகத்தை வாகனத்தில் போயும் முந்த முடியாது. அதே மலைச்சரிவில் காலியாடெம் என்ற இடத்தில் மக்கள் தஞ்சம் புகுவதற்கென்றே கட்டப்பட்ட நிலக்கீழ் அறை ஒன்று இருக்கிறது. 2006 ஜூன் மாத வெடிப்பின்போது அதற்குள் ஒதுங்கிய இருவரும் இறந்துபோனார்கள். இன்று உல்லாசப் பயணிகள் ஜீப்பில் சென்று அந்த அறையைப் பார்த்து வருகிறார்கள். கொங்கிரீட் அறையே காப்பாற்றாத இடத்தில் துணிக் கூடாரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்த வலயத்தில் பகலில் ஜீப் ஓட்டிச் சம்பாதிக்கலாம், இரவில் ஆட்களைத் தூங்க வைக்கக் கூடாது. மலை அசைந்தால் பகலில் வந்தவர் உடனே வண்டியேறலாம். தூங்குபவரை எழுப்பி, செருப்பைத் தேடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேற அரை மணி நேரமாவது ஆகும்.

அனுமதிச்சீட்டு வழங்கப்படுகிறது என்பதற்காக இடம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடவும் கூடாது. மேற்குச் சுமாத்திராவில் மராப்பி என்று வேறொரு மலை உண்டு. பெயர் ஒன்று போலிருந்தாலும் மலை வேறு. அது இரண்டாம் படியில் இருந்தது, வாயிலிருந்து 3 கி.மீ. தூரத்துக்குள் போகவேண்டாம் என்ற ஆலோசனையும் இருந்தது. அப்படியிருந்தும் மலையேறுவதற்கு அனுமதி வழங்கப்பட்டு வந்தது. 2023 டிசம்பர் 3ஆம் திகதி மலை வெடித்தது. மலையேறச் சென்ற 24 பேர் மாண்டனர்.

ஆற்றங்கரை அழகானது, ஆனால்...

கூடாரத் தொழிலில் எல்லோரும் விரும்பும் இடம் ஆற்றங்கரை. தண்ணீர்ச் சத்தம், சமதரை, நிழல், படம் எடுக்க வசதி எல்லாம் அங்கே உண்டு. எரிமலை நாட்டில் மிகவும் யோசிக்க வேண்டிய இடமும் அதுதான்.

மலை வெடித்து முடிந்த பிறகு சரிவெங்கும் சாம்பலும் கல்லும் குவிந்து கிடக்கும். மேலே பெருமழை பெய்தால் இவையெல்லாம் சேறாகக் கரைந்து ஆற்று வழியே பாய்கின்றன. இதை அங்கே ‘குளிர்ந்த லாவா’ என்கிறார்கள். இதற்கு வெடிப்பு அன்றே நடக்க வேண்டும் என்பதில்லை. மெராப்பி வெடித்து இரண்டு மாதங்களுக்குப் பிறகு, 2011 ஜனவரியில், புத்தி என்ற ஆறு பெருக்கெடுத்து யோக்யகர்த்தா–மகெலாங் பிரதான வீதியையே மறித்தது, வீடுகளையும் புதைத்தது. 2024 மே மாதம் மேற்குச் சுமாத்திராவின் மராப்பிச் சரிவுகளில் இதே விதமான வெள்ளம் 60க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

கூடாரம் இருக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டலாம். ஆகவே மலையிலிருந்து இறங்கும் ஆறாயின், வெயில் காலத்தில் அது வறண்டு மணலாகக் கிடந்தாலும், அதன் படுக்கையையும் தாழ்ந்த கரையையும் விட்டு விலகியிருங்கள். ஊரில் வயதானவர்களிடம், “தண்ணீர் எதுவரை வந்தது?” என்று கேளுங்கள். கரையில் கிடக்கும் பெரிய கற்களைப் பாருங்கள். அவற்றை அங்கே யாரும் லொறியில் கொண்டுவந்து போடவில்லை.

சுவரின் காலடி

பத்தூர் மலை 1,717 மீற்றர் உயரமானது. பெரும் எரிமலைக் குழி ஒன்றின் நடுவே நிற்கிறது. அருகில் ஏரி, சுற்றிலும் செங்குத்தான சுவர். 1926ஆம் ஆண்டு லாவா பத்தூர் கிராமத்தை மூடியபோது, ஊர் மக்கள் கீழே மீண்டும் குடியேறாமல் குழியின் விளிம்புக்கு ஊரையே மாற்றிக்கொண்டார்கள். 1963ஆம் ஆண்டு வழிந்த லாவா இன்றும் கரிய பாறைத் தரையாகக் கிடக்கிறது. 2012 முதல் இது யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காப் பட்டியலில் உள்ளது.

இங்கே கூடாரம் போட மூன்று வகையான இடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, பெனெலோகான் போன்ற விளிம்புப் பகுதி. சூரிய உதயமும் மலையும் ஒரே பார்வையில் தெரியும், பிரதான வீதி அருகில் இருக்கும். ஆனால் காற்று பலமாக வீசும், மூடுபனி வந்தால் விற்ற காட்சியே மறைந்துபோகும். இரண்டு, தோயா புங்கா, கெடிசான் போன்ற ஏரிக்கரை ஊர்கள். காற்று குறைவு, தோயா புங்காவில் வெந்நீர் ஊற்றும் உண்டு. ஆனால் குழியின் சுவரை ஒட்டிய காணிகளும் அங்கேதான் இருக்கின்றன. மூன்று, கரிய லாவா நிலம். படத்துக்கு மிக அழகு, தண்ணீருக்கும் நிழலுக்கும் மிகக் கஷ்டம்.

இரண்டாவது வகையில்தான் கவனம் அதிகம் வேண்டும். மண்சரிவு என்ற சொல் மலைநாட்டை அறிந்த நமக்குப் புதியதல்ல. 2017 பெப்ரவரியில் கிந்தாமணிப் பகுதியில் மழையால் ஏற்பட்ட மண்சரிவுகளில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏரிக்கரைக் கிராமமான சொங்கானே அதிகம் பாதிக்கப்பட்டது. அன்று எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. மலையைப் பார்த்துப் பயந்தவருக்கு ஆபத்து முதுகுப் பக்கச் சுவரிலிருந்து வந்தது. ஏரிக்கரையில் இடம் எடுப்பதாயின், சுவரின் காலடியை விட்டு நன்றாகத் தள்ளியும், நீரோடும் பிளவுகளுக்கு நேரே இல்லாமலும் பாருங்கள்.

பள்ளத்தில் தூங்க வைக்காதீர்கள்

டியெங் சுமார் 2,000 மீற்றர் உயரத்திலுள்ள உருளைக்கிழங்கு விளையும் மேட்டுநிலம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் சில இரவுகளில் அங்கே உறைபனி விழும். உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கிவிடுவதால் விவசாயிக்கு அது நட்டம். அதே உறைபனியைப் பார்ப்பதற்கென்றே பயணிகள் வருவதால் கூடாரக்காரருக்கு அது வருமானம். ஆனால் மெல்லிய போர்வையோடு வந்த குடும்பத்தை அந்தக் குளிரில் விட்டால் மறுவருடம் அவர்கள் வரமாட்டார்கள். தடித்த மெத்தை, கூடுதல் போர்வை, நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத் தளம் ஆகியவை அங்கே அடிப்படைத் தேவைகள். குளிருக்காகக் கூடாரத்தினுள் கரி அடுப்பு வைக்க ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். அதன் புகைவாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

டியெங்கில் இன்னொன்றும் உண்டு. 1979 பெப்ரவரியில் நிலத்திலிருந்து வெளியேறிய கரியமில வாயு 140க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளங்களில் தேங்கும். தரையோடு படுத்திருப்பவரையே அது முதலில் பிடிக்கும். வாயு வெளிவரும் எரிமலைப் பகுதிகளில் காற்றோட்டமில்லாத பள்ளத்தைத் தவிர்த்து, காற்றுப் போகும் சற்று மேடான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாய்கள் எங்கே உள்ளன என்பதை ஊரார் அறிவார்கள். அவர்கள் மாடு கட்டாத இடத்தில் நீங்கள் ஆளைப் படுக்க வைக்காதீர்கள்.

சாம்பலும் தண்ணீரும்

சிறிய வெடிப்பானாலும் சாம்பல் காற்றோடு வரும். மழையில் நனைந்த சாம்பல் ஒரு சென்றிமீற்றர் கனத்துக்குப் படிந்தால், ஒரு சதுர மீற்றர் கூரையில் 10 முதல் 20 கிலோ வரை பாரம் ஏறும். தட்டையான கூரையுள்ள கூடாரம் இதைத் தாங்காது. சரிவான கூரையே நல்லது. கந்தக வாயு வரும் இடத்துக்கு அருகில் இரும்புக் கொளுவிகளும் சிப்களும் விரைவில் அரித்துப்போகும். தளர்ந்த எரிமலை மணலில் சாதாரண முளை நிற்காது. நீளமான முளையோ மணல் மூட்டையோ வேண்டும். சாமான் விற்பவர்கள் இவற்றைச் சொல்லி விற்றால் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

எரிமலை மண் மழைநீரை உடனே உறிஞ்சிவிடுவதால் மேட்டு நிலங்களில் ஊற்று அரிது. தண்ணீர் பௌசரில் வருமா, குழாயில் வருமா, வெயில் காலத்தில் ஒரு லீற்றர் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்துக் கூடாரம், இருபது பேர், குளியலும் மலசலகூடமும் என்றால் அது சிறிய செலவல்ல.

காணியும் உறுதியும்

இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டின் காணிச் சட்டப்படி முழு உரிமையுடன் காணி வைத்திருப்பது அந்நாட்டுப் பிரஜைகளுக்கே உரியது. உள்ளூர் ஒருவரின் பெயரில் வாங்கி, பின்னால் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஏற்பாட்டை அச்சட்டம் செல்லாததாக்குகிறது. வெளிநாட்டவருக்கு உள்ள நேரான வழிகளில் ஒன்று குத்தகை. காணி காட்டு இலாகாவின் எல்லைக்குள் வருகிறதா, கட்டட அனுமதி எத்தனை சதுர மீற்றருக்கு என்பதையும் சட்டத்தரணி மூலம் பாருங்கள். மேற்கு ஜாவாவில் கெடே–பங்ராங்கோ எரிமலைச் சரிவிலுள்ள புஞ்சாக் பகுதியில், அனுமதித்த பரப்பைத் தாண்டிக் கட்டியதாகக் கூறி ஒரு பொழுதுபோக்குப் பூங்கா 2025 மார்ச்சில் இடிக்கப்பட்டது.

இங்கே கூடாரத்தின் உண்மையான பலத்தை நினைவில் வையுங்கள். அதைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம். பலர் முதல் வருட இலாபத்திலேயே கொங்கிரீட் தளம், நீச்சல் தடாகம், சுவர் என்று கட்டி அந்தப் பலத்தை இழந்துவிடுகிறார்கள். மலை நிலை மாறினால் ஹோட்டல்காரர் போல் அவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். பலகைத் தளமும் குறுகிய குத்தகையும், புதுப்பிக்கும் உரிமையும் இருந்தால் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணமாக ஒருவருக்குப் பத்துக் கூடாரம். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை மழை குறைந்த காலம், 214 இரவுகள். மீதி 151 இரவுகள் மழைக்காலம். வெயில் காலத்தில் நூற்றுக்கு 60ம் மழைக்காலத்தில் நூற்றுக்கு 20ம் நிரம்பினால், விற்பது 1,284ம் 302ம், மொத்தம் 1,586 இரவுகள். தரகர் காட்டும் தாளில் இருப்பதோ 3,650. பாதிக்கும் குறைவு என்பதைப் பாருங்கள்.

இனி ஓகஸ்ட் மாதத்தில் மலை எச்சரிக்கையால் மூட நேர்ந்தது என்று வைப்போம். அம்மாதம் நூற்றுக்கு 80 நிரம்பும் மாதமானால் 248 இரவுகள் போய்விடும். வருட வியாபாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இது கற்பனையான பயமல்ல. 2017இல் பாலியின் ஆகுங் மலை எழுந்தபோது ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேறினர், நவம்பர் இறுதியில் விமான நிலையமும் மூடப்பட்டது. சுமார் 20 கி.மீ. தள்ளியுள்ள பத்தூரில் எந்த வெடிப்பும் இல்லை. ஆனால் தீவுக்கே வராத பயணி பத்தூருக்கு மட்டும் எப்படி வருவார்? ஆகவே மூன்று மாதச் செலவைக் கையிருப்பாக ஒதுக்கி வைக்காதவர் இத்தொழிலில் இறங்கக் கூடாது. காப்புறுதிப் பத்திரத்தில் எரிமலைச் சேதம் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் கையொப்பமிட முன் வாசியுங்கள்.

குழு அழைத்துச் செல்பவர்களுக்கு

முற்பணம் கட்டுமுன் இந்த ஏழு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள்.

1. இடம் எந்த அபாய வலயத்தில் உள்ளது, மலை இன்று எந்தப் படியில் உள்ளது?
2. மலையிலிருந்து இறங்கும் ஆறு எவ்வளவு தூரத்தில், எவ்வளவு தாழ்வில் உள்ளது?
3. பின்னால் செங்குத்துச் சரிவு இருக்கிறதா?
4. வெளியேற இரண்டு பாதைகள் உண்டா, அல்லது ஒரே பாலத்தை நம்பியா இருக்கிறது?
5. இரவில் விழித்திருக்கும் காவலாளியும் அபாய மணியும் உண்டா?
6. மலை நிலை மாறினால் பணம் திரும்பக் கிடைக்குமா?
7. பாலியில் பன்றியிறைச்சி சாதாரண உணவு. நமது குழுவுக்குத் தனிச் சமையலும் தனிப் பாத்திரமும் கிடைக்குமா, தொழுகைக்கு இடம் உண்டா?

தாமதமின்றிப் பதில் எழுதித் தருபவரிடம் வியாபாரம் செய்யலாம். பதிலுக்குப் பதிலாகச் சூரிய உதயப் படங்களை அனுப்புபவரிடம் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அப்போதும் படமே வந்தால், வேறிடம் பாருங்கள். அந்தச் சூரிய உதயம் பாதுகாப்பான காணியிலிருந்தும் தெரியும்.