ஊசியும் உள்ளமும்

1880-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வாஷிங்டன் இர்விங் பிஷப் என்பவர் மேடைகளில் ஒரு வித்தையை நிகழ்த்தி வந்தார். அவையோருள் ஒருவர் குண்டூசி ஒன்றை எங்கேனும் மறைத்து வைப்பார். கண்கள் கட்டப்பட்ட பிஷப், மறைத்தவரின் மணிக்கட்டைப் பற்றியவாறு விரைந்து சென்று அதைக் கண்டெடுப்பார். மனத்தையே படித்துவிட்டார் என்று பலரும் வியந்தனர்.

இத்தகைய வித்தையின் உட்பொருளை ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1877-லேயே விளக்கியிருந்தார். ஊசி இருக்குமிடத்தை ஒருவர் தீவிரமாக எண்ணும்போது, அவர் அறியாமலேயே கைத்தசைகள் அத்திசையில் சற்று இழுக்கின்றன. திசை தவறினால் தயங்குகின்றன. தேர்ந்த விரல்களுக்கு அதுவே போதும். வியந்து நின்றவரே விடையையும் தந்தவர்!

பதஞ்சலி முனிவர் பிறர் மனத்தை அறிதலை யோக சித்திகளுள் ஒன்றாக விபூதி பாதத்தில் கூறுகிறார். ஆனால் உடனே ஒரு வரம்பும் இடுகிறார்: அறியப்படுவது மனநிலையே, அந்த மனம் பற்றியுள்ள பொருள் அன்று. வியாசரின் உரை இதைத் தெளிவாக்குகிறது. ஒரு மனம் பற்றுக் கொண்டிருப்பதை யோகி அறிவார். எதன்மீது பற்று என்பதை அந்த அறிவு காட்டாது.

பிஷப்பின் வித்தை இதற்கு நேர்மாறானது. அவர் கண்டது பொருளை மட்டுமே. மறைத்தவரின் உள்ளத்தில் அச்சமா துயரமா என்றறிய அதில் வழியில்லை. எனவே ரூபாய் நோட்டின் எண்ணையோ நம் தாயின் பெயரையோ ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக அவரை யோகி என்று கருத இச்சூத்திரத்தில் ஆதாரமில்லை.

சித்தி உண்மையாகவே வாய்த்தால்? வெளிநோக்கிய மனத்திற்கே இவை சித்திகள், சமாதியை நாடுபவனுக்கு இடையூறுகள் என்று பதஞ்சலி அதே பாதத்தில் எச்சரிக்கிறார்.