முத்துச்சிப்பி முகில்கள்



குளிர்காலக் காலையில் ட்வெய்ட்டாவிலிருந்து கிழக்கு வானை உற்றுநோக்கியதுண்டா? கரிய முகிலும் செந்நிற முகிலும் அங்கே அருகருகே நிற்கும். இவ்வேறுபாட்டிற்கு முதற்காரணம் உயரமே.

உங்கள் பெற்றோர் நன்கறிந்த சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சியில் நிற்பவர் உதயத்தைக் காணும்போது அடிவாரம் இன்னும் இருளில் மூழ்கியிருக்கும். மலையின் நிழலோ மேற்கே பனிமூட்டத்தின்மீது முக்கோணமாய் விழும். முகில்களுக்கும் இவ்விதியே பொருந்தும். உயர்ந்த முகிலை ஒளி முதலில் தொடுகிறது. தாழ்ந்த முகில் புவியின் நிழலிற் கறுத்து நிற்கிறது. அடிவானத்திலிருந்து வரும் ஒளி காற்றினூடே நெடுந்தூரம் கடப்பதால், நீலம் சிதறிச் சிவப்பு மிஞ்சுகிறது.

கதிரவன் தோன்றுமுன்னரே பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா எனச் சிப்பியின் உட்புறம்போல் ஒளிரும் முகில்களும் உண்டு. நோர்வேஜிய மொழியில் இவற்றைப் "பெர்லெமூர்ஷீயெர்" என்பர். நாம் முத்துச்சிப்பி முகில்கள் எனலாம். நோர்வே வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஹென்றிக் மூன் 1893இல் இவற்றைப் பற்றி எழுதினார். பின்னர் கணித அறிஞர் கார்ல் ஸ்தோர்மர், இரு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு இவற்றின் உயரத்தைக் கணித்தார். அது 20 முதல் 30 கிலோமீற்றர் வரையாகும்!

மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று நோர்வே மலைகளைக் கடக்கையில் அலையாய் எழுகிறது. அவ்வலை மேலே சென்று, வெப்பநிலை ஏறத்தாழ மறை 80 பாகை செல்சியசிற்கும் கீழே இறங்கும்போது நுண்ணிய பனிப்பளிங்குகள் உருவாகின்றன. அளவில் ஒத்த அப்பளிங்குகளைச் சுற்றி வளையும் ஒளியே பல நிறங்களாய்ப் பிரிகிறது.

இவ்வழகில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் முன்பு பயன்பட்ட வாயுக்களிலிருந்து வந்த குளோரின், இம்முகில்களின் பரப்பில் வீரியம் பெற்று ஓசோனை அழிக்கிறது. முகில் இயற்கையானது; நஞ்சோ மனிதன் இட்டது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையால் அவ்வாயுக்கள் தடுக்கப்பட்டன; ஓசோன் படலமும் மெல்ல மீண்டு வருகிறது. தவற்றை உணர்ந்து உலகம் ஒன்றுபட்டால் திருத்த இயலும் என்பதற்கு இதுவே சான்று.

பயிற்சி: அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் பெற்றோருடன் காலை வானை நோக்குங்கள். கதிரவனை நேரே பார்த்தல் ஆகாது. எம்முகில் உயர்ந்தது, எது தாழ்ந்தது என நிறங்கொண்டு கண்டறிந்து, நேரத்துடன் தமிழில் எழுதி வாருங்கள்.