நமுத்த பட்டாசும் ஆபத்துதான்!



தீபாவளி வருவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழையும் அதே சமயம்தான். அதனால் "பட்டாசு நமுத்துப் போச்சு" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் கேட்கும். நமுத்துப் போனால் வெடிக்காது, குழந்தைகள் கையில் கொடுத்தாலும் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறோம். அது தப்பு. ஏன் என்று இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

ஈரம் பட்டால் என்ன ஆகும்?

பட்டாசு மருந்தில் வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியப் பொடி போன்றவை இருக்கும். ஈரம் ஏறினால் வெடியுப்பு கரையும். காயும்போது ஒரே பக்கமாகச் சேர்ந்து கட்டியாகும். மருந்து முன்பு போல சீராக இருக்காது. திரியும் அப்படித்தான். கொஞ்சம் எரிந்து நின்றுவிடும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அணைஞ்சு போச்சுன்னு குனிந்து பார்க்கும்போது வெடிக்கும். கண்ணும் முகமும்தான் முதலில் பாதிக்கப்படும்.

சிவகாசியில் இந்தத் தொழில் வளர்ந்ததற்கு அங்குள்ள மழை குறைந்த, வறண்ட காற்றும் ஒரு காரணம். ஈரம் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு பெரிய எதிரி என்று இதிலேயே தெரியும்.

செய்யக் கூடாதவை

* அடுப்பு ஓரத்திலோ, அடுப்புக்கு மேல் பரணிலோ வைத்து காய வைக்காதீங்க. ஒரு பொறி போதும்.
* மொட்டை மாடியில் வெயிலில் பரப்பாதீங்க. காகிதம் காயும், ஆனால் மருந்து பழைய நிலைக்கு வராது.
* வெடிக்காத வெடியை மறுபடி பற்ற வைக்காதீங்க.
* பிரித்து, மருந்தைக் கொட்டி எரிக்கப் பிள்ளைகளை விடாதீங்க.
* குப்பையோடு சேர்த்து கொளுத்தாதீங்க.

எப்படி வைப்பது?

தேவைக்கு மட்டும் வாங்குவதே நல்லது. வாங்கியதை பெட்டியோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஓதம் ஏறும் சுவரை ஒட்ட வேண்டாம். சமையல் அறை, விளக்கு மாடம், மண்ணெண்ணெய், கேஸ் சிலிண்டர் பக்கமும் வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது.

நமுத்ததை என்ன செய்வது?

வீட்டுக்கு வெளியே ஒரு வாளி நிறைய தண்ணீரில் முழுவதும் மூழ்க விடுங்கள். ஒரு நாள் முழுக்க ஊறட்டும். வாளியை மூடாதீங்க. அலுமினியப் பொடி தண்ணீரோடு சேர்ந்தால் எரியக்கூடிய வாயு வரலாம். ஆடு மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீங்க. கிணறு, குளத்தில் ஊற்றவும் கூடாது. ஊறியதை ஈரத்தோடு பையில் கட்டி, என்ன இருக்கிறது என்று சொல்லி தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். பெட்டி பெட்டியாக இருந்தால் நீங்களே கை வைக்க வேண்டாம். 101-க்குப் போன் செய்து தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள்.

ஆலை வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு

அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானாகவே சூடேறும். தீக்குச்சி வேண்டாம், உராய்வு வேண்டாம், அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். மருந்து தொட்டால் சுடுவது, மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வருவது, இரண்டும் அபாய அறிகுறி. கிளறாமல் உடனே வெளியே வந்து, மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு விலகிப் போய், போர்மேனிடம் சொல்லுங்கள். ஒரு நாள் கூலியைவிட உயிர் பெரிது. மிஞ்சின மருந்தை மறுநாளுக்கு வைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். தனியாகச் சொல்ல பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள்.

மருந்தை வீட்டுக்கு எடுத்து வந்து வெடி சுற்றுவது வேண்டவே வேண்டாம். உரிமம் இல்லாமல் தயாரிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால் குடும்பமே போய்விடும். குழுவாகச் சேர்ந்து தீபாவளிக் கடை போட நினைத்தாலும் உரிமம் வாங்கிய பிறகுதான் சரக்கு எடுக்க வேண்டும்.

தீக்காயம் பட்டால்

20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மை, பற்பசை, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் வீடுகளில் போன வருடப் பட்டாசு எங்கே இருக்கிறது?
2. ஆலைக்குப் போகும் உறுப்பினர்கள் எத்தனை பேர்? மழை நாளில் அங்கே என்ன நடக்கிறது?
3. மழைக்கால வேலை இல்லாத நாட்களுக்கு குழுவில் இருந்து சிறு கடன் கொடுக்க முடியுமா?