சட்டத்தின் செலவு

ஆனியில் குற்றாலச் சாரல் தொடங்கியதும் தென்காசிச் சாலைகளில் வண்டிகள் பெருகும். மது அருந்திவிட்டு அந்த ஈரச் சாலைகளில் வண்டியோட்டுவோரும் உளர்.

100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருக்க வண்டியோட்டுவது குற்றம். முதல் குற்றத்திற்கு 2,000 ரூபாய் வரை இருந்த தண்டத்தை 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 10,000 ரூபாய் ஆக்கியது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சட்டம் கடுமையானால் அதனை நடத்தும் செலவும் ஏறும். இரவெல்லாம் விழித்திருக்கும் காவலர், மூச்சினைச் சோதிக்கும் கருவி, வழக்கிற்கு ஒதுக்கும் நீதிமன்ற நாள் யாவும் மக்களின் வரிப்பணமே. தண்டத்தொகையோ, சில வீடுகளில் பீடி சுற்றும் தாயின் கூலியிலிருந்து போகிறது. 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதும் அரசு நிறுவனமே என்பது இக்கணக்கின் விந்தை.

எனினும், இச்செலவை வீண் என்போர் விபத்தின் செலவை எண்ணுவதில்லை. தலையில் அடிபட்டு உயர் சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்படுபவர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும்.

இளையோர்க்குச் சட்டம் இன்னும் கடுமையானது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்றல் கூடாது. 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். அச்சிறுவர் 25 வயது நிரம்பும்வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது.