மருந்தால் வரும் வாய்ப்புண்

நாக்கின் நுனியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான ஒரு சவ்வு தட்டுப்படுகிறதல்லவா? சூடான காப்பியும் கரகரப்பான முறுக்கும் அதை நாள்தோறும் தேய்க்கின்றன. ஆனாலும் அது கிழிந்து போவதில்லை. அடியிலுள்ள செல்கள் ஓயாமல் பிரிந்து, ஓரிரு வாரங்களில் அதைப் புதுப்பித்துவிடுகின்றன.

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுவர்களுக்கு இந்தச் சவ்வில் அடிக்கடி புண் வருகிறது. ஏன்?

இந்நோயில் எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. எந்தச் செல்லும் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை இரட்டிக்க வேண்டும். அதற்குக் கீரைகளில் உள்ள ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் தேவை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895-1948). அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவரது குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதே சாயலுள்ள போலிப் பொருள்களையும் தயாரித்தது. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத கள்ளச்சாவி போல, இவை செல்லின் என்சைமில் சிக்கி வேலையை நிறுத்திவிடும். அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948இல் அறிவித்தார். வாய்ப்புண்ணும் அப்போதே காணப்பட்டது. அதன் உறவு மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற வேறுபாடு தெரியாது. வேகமாகப் பிரியும் வாய்ச்சவ்வின் செல்களையும் அது தடுத்துவிடுகிறது. தேய்மானம் தொடர்கிறது, ஈடுகட்டப் புதுச் செல் இல்லை. எனவே சில நாள்களில் புண் தோன்றுகிறது.

இதற்கு ஒரு மாற்றும் உண்டு. அதிக அளவில் மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால், குறித்த நேரத்தில் ஃபோலினிக் அமிலமும் கொடுப்பார்கள். தடைபட்ட என்சைமின் உதவி இல்லாமலே செல் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் வீட்டிலுள்ளவர்கள் தாமாகவே வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. அது மருந்தின் வேலையைக் கெடுக்கலாம்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் வடகவுஞ்சி இருக்கிறது. இத்தகைய மலையூரில் சிகிச்சை பெறும் சிறுவன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாய்ப்புண்ணை 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடலாமா? கூடாது. அதே நாள்களில் நல்ல வெள்ளணுக்களும் குறைந்திருக்கும். வாயிலுள்ள கிருமிகள் புண் வழியே இரத்தத்தில் புகுந்தால் எதிர்க்க ஆள் இல்லை. காய்ச்சல் கண்டால், இரவானாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். கீழே இறங்க நேரமாகும் ஊர்களில் இதை முன்பே திட்டமிட்டு வைப்பது நல்லது.

மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்குவதும், கொதித்து ஆறிய நீரில் சிறிது உப்பிட்டு அடிக்கடி கொப்பளிப்பதும் நன்மை தரும். காரமும் புளிப்பும் வேண்டாம். குழைந்த சோறும் கஞ்சியும் ஆறியபின் உண்ணலாம். வெள்ளணுக்கள் மீண்டதும் புண்ணும் பெரும்பாலும் ஆறிவிடும்.

உங்கள் வகுப்பில் இப்படி ஒரு நண்பன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கோபம் என்று எண்ணாதீர்கள். வாய் வலிக்கலாம். இந்தப் புண் தொற்றாது, அருகில் உட்காருங்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் விலகி இருங்கள்.